பாஸ்பர் ஒளிரவில்லையா? வெள்ளை எல்இடிக்கான ஒளிரும் பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வழிமுறை

வெள்ளை எல்இடிக்காகப் புதிதாக ஒரு பாஸ்பர், அதாவது சிப்பின் ஒளியை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தரும் பொடி, செய்கிறீர்கள். எடை போட்டு, அரைத்து, உலையில் வைத்து எடுத்து, விளக்கின் கீழே காட்டினால் எதிர்பார்த்த ஒளி வரவில்லை. இந்த இடத்தில் பலரும் முதலில் கை வைப்பது கலவையில்தான். ஒளிர்வதற்காகப் படிகத்தில் கலக்கும் யூரோப்பியத்தைக் கொஞ்சம் கூட்டுவோம், ஸ்ட்ரான்சியத்துக்குப் பதில் பேரியம் போட்டுப் பார்ப்போம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலவை தப்பாக இருப்பதைவிட, உலைக்குள் போகும் வாயு, எடை, ஒளியூட்டும் அலைநீளம், அளக்கும் கருவி இவற்றில் ஏதோ ஒன்று தப்பாக இருப்பதே அதிகம்.

இங்கே சொல்வதெல்லாம் பொடிகளைக் கலந்து சூடேற்றும் திடநிலை முறையை மனதில் வைத்து எழுதியது. சோல்-ஜெல் முறையிலோ எரிப்பு முறையிலோ செய்பவர்களுக்கும் பாதிக்குமேல் பொருந்தும். அறிகுறியைப் பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## தேடத் தொடங்கும் முன்

ஒப்பீட்டுக்கு ஒரு சாம்பிள் வேண்டும். சந்தையில் கிடைக்கும் சீரியம் கலந்த யிட்ரியம் அலுமினியம் கார்னெட், அதாவது எல்லோரும் யாக் என்று சொல்லும் மஞ்சள் பொடி, ஒரு சின்னக் குப்பி போதும். 1967-இல் பிளாஸும் பிரில்லும் இதை வண்ணத் தொலைக்காட்சிக்கான ஒருவகைக் கேதோடு கதிர்க் குழாய்க்காக வெளியிட்டார்கள். ஒளி சட்டென்று அணைய வேண்டும் என்பதே அன்றைய தேவை. 1996-இல் நிச்சியா நிறுவனம் நீல எல்இடி சிப்பின்மேல் இதையே பூசி வெள்ளை எல்இடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் புதிதாக வரும் எந்தப் பொருளையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். உங்கள் சாம்பிளை அளக்கும் ஒவ்வொரு முறையும், அதே நாளில், அதே ஸ்லிட் அகலத்தில், அதே ஹோல்டரில் இதையும் அளந்துவிடுங்கள். ஒப்பீட்டுப் பொடியும் சேர்ந்து மங்கியிருந்தால் கோளாறு கருவியில். அது அப்படியே இருந்து உங்களுடையது மட்டும் மங்கியிருந்தால் கோளாறு பொடியில். பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் மூன்று விளக்குகள்: 254 நானோமீட்டர், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்குகள், 450 நானோமீட்டர் நீல டார்ச் ஒன்று. நீல டார்ச்சோடு நீலத்தைத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி அணிந்து பார்க்க வேண்டும். அது கண்ணுக்குப் பாதுகாப்பு. சிதறும் நீலம் மறைந்து பொடியின் சொந்த ஒளி மட்டும் தெரியவும் அதுதான் வழி. 254 விளக்குக்குப் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி தனியாக வேண்டும்.

## அறிகுறி: எந்த விளக்கிலும் ஒளி இல்லை, அல்லது மிக மங்கல்

எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பொடியின் நிறத்தைப் பாருங்கள். நீலத்தை உறிஞ்சும் பொடி வெள்ளையாக இருக்க முடியாது. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோதான் இருக்கும். நல்ல யாக் பொடி எலுமிச்சை மஞ்சளில் இருக்கும். கால்சியம் அலுமினியம் சிலிக்கான் நைட்ரைடில் யூரோப்பியம் சரியாக ஏறினால் பொடி ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும். ஆக, நிறமே முதல் அளவீடு.

பொடி வெளிறிய வெள்ளை அல்லது கிரீம் நிறம். சீரியம் நான்கு நேர்மின்னூட்டத்தோடு நின்றுவிட்டது, அல்லது படிகத்துக்குள் போகவே இல்லை. நான்கு நேர்மின்னூட்டச் சீரியத்தில், ஒளியை உறிஞ்சித் தாவ வேண்டிய 4எஃப் எலக்ட்ரான் (உள்கூட்டு எலக்ட்ரான்) இல்லை. ஒளிர அதனிடம் எதுவும் இல்லை. எக்ஸ்ஆர்டியில், அதாவது படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனையில், இரண்டு தீட்டா கோணம் 28.5 டிகிரி அருகே சின்ன முகடு இருந்தால் அது சீரியம் ஆக்சைடு, கலக்காமல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. (இந்தக் கோணங்கள் எல்லாம் செம்பு கே-ஆல்ஃபா கதிருக்கு.) அயனியின் அளவையும் யோசியுங்கள். எட்டு அண்டை அயனிகள் சூழ்ந்த நிலையில் மூன்று நேர்மின்னூட்டச் சீரியத்தின் ஆரம் 1.143 ஆங்ஸ்ட்ராம், யிட்ரியத்துக்கு 1.019. பெரிய ஆள் சின்ன நாற்காலியில் உட்கார வேண்டும். அதனால் யாக்குக்குள் சீரியம் சில சதவீதத்துக்குமேல் ஏறாது. மாறாக, இரண்டு நேர்மின்னூட்ட யூரோப்பியம் 1.25, ஸ்ட்ரான்சியம் 1.26; அங்கே இடப்பிரச்சினையே இல்லை. கால்சியத்தின் இடத்தில் சீரியம் போடுகிறீர்கள் என்றால் மின்னூட்டமும் இடிக்கும். லித்தியம் அல்லது சோடியம் கொஞ்சம் சேர்த்துச் சமன் செய்யாவிட்டால் படிகம் தானே குறைபாடுகளை உண்டாக்கிச் சமன் செய்துகொள்ளும். அந்தக் குறைபாடுகள் ஒளியைத் தின்னும்.

பொடி சாம்பல் நிறம். இரண்டு காரணங்கள் வழக்கமானவை. கரி: கிராஃபைட் உலையிலிருந்தோ, கரித்தூள் வைத்து ஒடுக்கும் (அயனியின் நேர்மின்னூட்டத்தைக் குறைக்கும்) முறையிலிருந்தோ, முழுதாக எரியாத கரிமப் பொருளிலிருந்தோ வரும். இன்னொன்று, அளவுக்குமீறி ஒடுக்கியதால் வந்த ஆக்சிஜன் வெற்றிடங்கள். சீரியம் கலந்த கார்னெட் என்றால் காற்றில் 800 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். சாம்பல் போய் மஞ்சள் வந்தால் பெரும்பாலும் கரிதான். யூரோப்பியம் கலந்த பொடிக்கு இந்த வைத்தியம் கூடாது. காற்றில் சூடேற்றினால் யூரோப்பியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, சாம்பலோடு ஒளியும் போய்விடும்.

பொடியில் பழுப்பு, அல்லது கரும் புள்ளிகள். இரும்பைச் சந்தேகியுங்கள். எஃகு உருண்டை போட்ட பால் மில், துருப்பிடித்த ஸ்பேட்டுலா, மலிவான மூலப்பொருள் எல்லாம் இரும்பைக் கொண்டுவரும். மில்லியனில் சில பங்கு இரும்பே ஒளியைக் குறைக்கப் போதும். மூலப்பொருள் 99.99 சதவீதத் தூய்மையில் இருக்கட்டும். அரைக்க அகேட் அல்லது சிர்கோனியா.

நிறம் சரியாக இருந்தும் ஒளி இல்லையென்றால், நீலத்தை உறிஞ்சுகிறது, ஆனால் உறிஞ்சிய ஆற்றல் வெப்பமாகப் போகிறது என்று பொருள். அறை வெப்பநிலையிலேயே வெப்பத் தணிப்பு (சூட்டால் ஒளி குறைவது) நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கொஞ்சம் பொடியைக் குவார்ட்ஸ் குழாயில் போட்டுத் திரவ நைட்ரஜனில் முக்கி, நீல டார்ச் அடியுங்கள். குளிரில் பளிச்சென்று எரிந்து, வெளியே எடுத்து வைத்ததும் அணைந்துகொண்டே வந்தால் அயனி சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் படிகம்தான் அதற்கு ஏற்றதல்ல. இந்த ஒரு சந்தர்ப்பத்தில் கலவையை மாற்றுவது நியாயம்.

## அறிகுறி: பச்சையோ மஞ்சளோ வர வேண்டிய இடத்தில் சிவப்பு

யூரோப்பியம் போட்டவர்களுக்கு மட்டும். நிறமாலையில் 590 நானோமீட்டர் அருகேயும் 612 அருகேயும் ஊசிபோல மெல்லிய கோடுகள் இருந்தால் அது மூன்று நேர்மின்னூட்ட யூரோப்பியம். உங்களுக்கு வேண்டியது இரண்டு நேர்மின்னூட்டம். அதன் ஒளி அகன்ற பட்டையாக வரும். ஒடுக்கம் போதவில்லை.

கலவையைத் தொடாமல், உலையிலிருந்து வந்த கட்டியை நடுவில் உடைத்து 365 விளக்கில் பாருங்கள். விளிம்பு பச்சையாகவும் நடுப்பகுதி சிவப்பாகவும் இருந்தால், வாயு வெளிப்பக்கத்தைத் தொட்டது, உள்ளே போகவில்லை. கட்டி தடிமன், அல்லது மூசையில் (உலைக்குள் வைக்கும் கிண்ணத்தில்) பொடியை அழுத்தி நிரப்பியிருக்கிறீர்கள், அல்லது மூடி இறுக்கம். மெல்லிசாகப் பரப்பி, படகு வடிவ மூசையில் வைத்து, நடுவில் ஒருமுறை எடுத்து அரைத்துத் திரும்பச் சூடேற்றினால் சரியாகும். நேர்மாறாக, உள்ளே பச்சை, வெளியே ஒரு மெல்லிய சிவப்புத் தோல் என்றால் ஒடுக்கம் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. குளிரும்போது காற்று புகுந்திருக்கிறது. வெப்பநிலை இறங்க ஆரம்பித்ததும் வாயுவை மூடிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை வாயு ஓடட்டும்.

கட்டி முழுதும் ஒரே சிவப்பு என்றால் வாயு வழியையே பாருங்கள். 5 சதவீத ஹைட்ரஜன், 95 சதவீத நைட்ரஜன் கலவைதான் வழக்கம். சிலிண்டரில் முள் அழுத்தம் காட்டுவது குழாய்க்குள் வாயு போவதற்குச் சாட்சி இல்லை. வெளியேறும் முனையில் ஒரு குமிழிக் குடுவை வையுங்கள். குமிழி சீராக வந்தால்தான் நம்பலாம். உள்ளே வரும் பக்கம் வாயு ஓடியும் வெளியே குமிழி வரவில்லையென்றால் ஓ-ரிங்கில் கசிவு. சூடேற்றும் முன் குழாயைப் பம்ப்பால் வெற்றிடமாக்கி, வாயு நிரப்பி, இதை இரண்டு மூன்று தடவை செய்வது, சும்மா அரை மணி நேரம் வாயு விடுவதைவிட நல்லது. வெளியேறும் வாயு ஃபியூம் ஹூடுக்குள் (புகையை வெளியேற்றும் கூண்டுக்குள்) போகட்டும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. ஸ்ட்ரான்சியம் டெட்ராபோரேட் போன்ற சில படிகங்களில், காற்றில் சூடேற்றினாலே யூரோப்பியம் இரண்டு நேர்மின்னூட்டத்துக்கு இறங்கிவிடும். அங்கே சிவப்புக் கோடு வந்தால் வாயுவைத் திட்டிப் பயனில்லை. படிகமே சரியாக உருவாகவில்லை.

## அறிகுறி: எக்ஸ்ஆர்டியில் வேண்டாத முகடுகள்

யாக் செய்யும்போது முக்கிய முகடு 33.3 டிகிரியில் வரும். 34.3 அருகே கூடுதலாக ஒன்று வந்தால் பெரோவ்ஸ்கைட் வடிவ யிட்ரியம் அலுமினேட். 29 முதல் 31 டிகிரிக்குள் கூட்டமாக வந்தால் யிட்ரியம் மிகுந்த மோனோகிளினிக் கட்டம், அதாவது வேறொரு படிகச் சேர்மம். சூடேறும் வழியில் முதலில் மோனோகிளினிக், பிறகு பெரோவ்ஸ்கைட், கடைசியில் கார்னெட் என்ற வரிசையில்தான் வினை போகிறது. ஆகவே இந்த இரண்டும் மிச்சமிருப்பது, வினை பாதியில் நின்றதைக் காட்டலாம். யிட்ரியம் விகிதம் கூடியதையும் காட்டலாம்.

இரண்டையும் பிரிக்க ஒரே சோதனை: அதே பொடியை அரைத்து, அதே வெப்பநிலையில் மறுபடி வையுங்கள். முகடு சின்னதானால் வினை முடியவில்லை. நேரமோ வெப்பமோ கூட்டுங்கள், அல்லது பேரியம் ஃபுளோரைடு போன்ற ஃபிளக்ஸ் (உருகி வினையை எளிதாக்கும் பொருள்) சில சதவீதம் சேருங்கள். முகடு அசையவே இல்லையென்றால் எடை தப்பு. எடை தப்பு என்றால் தராசு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அலுமினாப் பொடி ஈரத்தை இழுத்திருந்தால் யிட்ரியம் விகிதம் கூடிவிடும். அரிதான மண் ஆக்சைடுகளும் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். லாந்தனம் ஆக்சைடு இதில் மிக மோசம்; திறந்த குப்பியில் இருந்தால் ஹைட்ராக்சைடாகவே மாறிவிடும். நீங்கள் எடை போட்டதில் ஒரு பங்கு தண்ணீர். அப்போது யிட்ரியம் குறைந்து, அலுமினா மிச்சமாகும். 1000 டிகிரியில் வாட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே டெசிக்கேட்டருக்கு (ஈரம் புகாத கலனுக்கு) மாற்றி, ஆறியதும் உடனே எடை போடுங்கள்.

33.3 முகடோடு, மிச்சமாக 35.1, 43.3 டிகிரிகளில் அலுமினா தெரிந்தால் எதிர்த் திசையில் யோசியுங்கள். மேலே சொன்னபடி யிட்ரியம் ஆக்சைடில் ஈரம் ஏறியிருக்கலாம், அல்லது அலுமினா உருண்டைகள் தேய்ந்து கலந்திருக்கலாம். பேரியம், ஸ்ட்ரான்சியம் சிலிகேட்களை அலுமினா மூசையில் வைத்தால் அவை மூசையோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும். மூசையின் சுவரை ஒட்டிய பொடியைத் தனியாகவும் நடுப்பொடியைத் தனியாகவும் எக்ஸ்ஆர்டி எடுத்தால் விஷயம் வெளியாகிவிடும். நைட்ரைடுகளுக்குப் போரான் நைட்ரைடு அல்லது மாலிப்டினம் மூசைதான் சரி.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ஆர்டி சுத்தமாக வந்துவிட்டது என்பதால் பொடி சுத்தம் என்று அர்த்தமில்லை. ஓரிரு சதவீதத்துக்குக் கீழே இருக்கும் கட்டமும், கண்ணாடிபோல உருவமற்று இருப்பதும் அதில் தெரியாது. ஒளியைக் கொல்ல அந்தக் கொஞ்சமே போதும்.

## அறிகுறி: புற ஊதாவில் பளிச், நீல டார்ச்சில் இருட்டு

நல்ல நாட்களும் நிதியும் வீணாவது அதிகமாக இங்கேதான். 254 விளக்கின் கீழே கண்ணைப் பறிக்கும் சிவப்பு. படம் எடுத்தாயிற்று, "வெள்ளை எல்இடிக்கு உகந்த பொருள்" என்று முடிவுரையும் எழுதியாயிற்று. நீலச் சிப்பின்மேல் வைத்தால் ஒன்றும் நடப்பதில்லை.

பொடியில் எந்தப் பிழையும் இல்லை. அது செய்யக்கூடியதைத்தான் செய்கிறது. மூன்று நேர்மின்னூட்ட யூரோப்பியம் ஆக்சைடு படிகத்தில் 250 நானோமீட்டர் அருகே மிக வலுவாக உறிஞ்சும். அங்கே ஆக்சிஜனிலிருந்து யூரோப்பியத்துக்கு எலக்ட்ரான் தாவுகிறது. நீலத்திலோ 465 அருகே ஒரே ஒரு மெல்லிய கோடுதான். அது 4எஃப் மட்டங்களுக்குள்ளேயே நடக்கும் தாவல், விதிப்படி தடைசெய்யப்பட்டது, அதனால் பலவீனம். சிப்பின் நீலமோ இருபது நானோமீட்டர் போல அகன்ற பட்டை. சூடேறினால் உச்சியும் நகரும். அந்தப் பட்டையிலிருந்து ஒரு மெல்லிய கோடு எவ்வளவு அள்ளிவிடும்? டிஸ்ப்ரோசியம், சமேரியம், டெர்பியம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அதற்கு எதிராகச் சீரியம், இரண்டு நேர்மின்னூட்ட யூரோப்பியம் இரண்டிலும் எலக்ட்ரான் 4எஃப்-இலிருந்து 5டி-க்குத் தாவுகிறது. தடை இல்லை, பட்டை அகலம், உறிஞ்சல் வலு. 5டி மட்டம் சுற்றியுள்ள அயனிகளைப் பொறுத்து ஏறி இறங்கும். நைட்ரஜன் சூழ்ந்தால் பிணைப்பு இன்னும் சகப்பிணைப்புத் தன்மை பெற்று, 5டி கீழே இறங்கி, உறிஞ்சல் நீலத்துக்குள் வந்துவிடும். சிவப்பு பாஸ்பருக்கு எல்லோரும் நைட்ரைடைத் தேடிப் போனது இதனால்தான்.

என்ன செய்யலாம்? மூலப்பொருள் வாங்கும் முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த அயனி இந்தப் படிகத்தில் 450-இல் எவ்வளவு உறிஞ்சும்? பொடி ஏற்கெனவே கையில் இருந்தால், பேரியம் சல்ஃபேட்டை வெள்ளை ஒப்பீடாக வைத்துப் பரவல் எதிரொளிப்பு (பொடி எல்லாத் திசையிலும் திருப்பி அனுப்பும் ஒளி) அளவிடுங்கள். 450-இல் எதிரொளிப்பு 90 சதவீதம் என்றால், உறிஞ்சல் அதிகபட்சம் பத்து சதவீதம். ஒளியூட்டல் நிறமாலையை (எந்த அலைநீளத்தில் ஒளியூட்டினால் எவ்வளவு ஒளிர்கிறது என்ற படத்தை) மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. அது தன் உச்சியை 1 ஆக்கி வரைந்த படம். உயரம் எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. நீலம் சரிப்படாவிட்டால் 395 நானோமீட்டர் ஊதாச் சிப்புக்கு நகரலாம். ஆனால் அங்கேயும் யூரோப்பியத்தின் கோடு மெல்லியதுதான். அதோடு நீலத்துக்கு இன்னொரு பாஸ்பரும் தேவைப்படும். என்னைக் கேட்டால், மூன்று நேர்மின்னூட்ட யூரோப்பியத்தை இன்னொரு புதிய படிகத்தில் போட்டு வெள்ளை எல்இடி என்று பெயர் சூட்டுவதைவிட, அந்த நேரத்தில் ஏற்கெனவே தெரிந்த நைட்ரைடை ஈரத்திலிருந்து காப்பாற்றும் பூச்சைச் செய்யலாம்.

## அறிகுறி: நிறமாலையில் புரியாத முகடுகள்

270-இல் ஒளியூட்டினால் 540-இல் கூர்மையான பச்சை முகடு வருகிறதா? சந்தோஷப்படும் முன் ஒளியூட்டலை 275-க்கு மாற்றுங்கள். முகடு 550-க்கு நகர்ந்தால் அது பொடியின் ஒளி அல்ல. கருவியில் ஒளியை நிறவாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசையில், இரட்டை அலைநீளத்தில் தெரியும் விளக்கின் ஒளி. உண்மையான உமிழ்வு அப்படிக் கூடவே நகராது. வெளிவரும் பக்கத்தில் குறைந்த அலைநீளங்களைத் தடுக்கும் லாங்-பாஸ் வடிகட்டி ஒன்று வைத்தால் தொல்லை தீர்ந்தது.

ஒளியூட்டல் நிறமாலையில் 467 அருகே ஒரு முகடு என்றால் செனான் விளக்கைச் சந்தேகியுங்கள். அந்த விளக்குக்கு அங்கே சொந்தக் கோடுகள் உண்டு. திருத்தம் செய்யாத நிறமாலையில் அவை பொடியின் முகடுபோலவே நிற்கும், அதுவும் நமக்கு வேண்டிய நீலத்திலேயே. யூரோப்பியத்தின் 465 கோட்டுக்குப் பக்கத்திலேயே இது வருவதால், பலவீனமான கோடு வலுவானதுபோலத் தெரிந்துவிடும். ஒப்பீட்டு யாக் பொடியிலும் அதே முகடு வந்தால் விளக்கு மாட்டிக்கொண்டது.

சிவப்புப் பக்கம் நிறமாலை திடீரென்று சரிந்தால் டிடெக்டரின் உணர்திறன் தீர்ந்திருக்கலாம். திருத்தக் கோப்பை இயக்கினீர்களா என்று பாருங்கள்.

சீரியத்தின் அகன்ற பட்டையை இரண்டு காஸியனாக (மணி வடிவ வளைவாக) பிரிப்பவர்கள் நானோமீட்டரிலேயே பிரித்துவிடுகிறார்கள். முதலில் ஆற்றல் அளவுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது ஒளிச்செறிவை அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கவும் வேண்டும். பிரித்தபின் இரண்டு உச்சிக்கும் நடுவே ஏறக்குறைய 2000 அலையெண் (சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற ஆற்றல் அளவு) இடைவெளி வர வேண்டும்; அது சீரியத்தின் இரண்டு தரை மட்டங்களின் இடைவெளி. 3500 வருகிறது என்றால் சீரியம் இரண்டு வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது, அல்லது பொருத்தம் பொய்.

## அறிகுறி: குவாண்டம் திறன் அருமை, விளக்கில் வெளிச்சம் இல்லை

எந்தக் குவாண்டம் திறன் என்று கேளுங்கள். உறிஞ்சிய ஒளியில் எத்தனை பங்கு திரும்பி வந்தது என்பது உள் திறன். விழுந்த ஒளியில் எத்தனை பங்கு என்பது வெளித் திறன். உள் திறன் 90 சதவீதம், உறிஞ்சல் 20 சதவீதம் என்றால் வெளித் திறன் 18-தான். உள் திறன் 70, உறிஞ்சல் 80 என்றால் 56. விளக்குக்கு வேண்டியது இரண்டாவது பொடி. கட்டுரைத் தலைப்பில் வருவதோ பெரும்பாலும் முதலாவது. ஒளிரும் அயனியைக் கூட்டினால் உறிஞ்சல் ஏறும், ஆனால் ஓர் அளவுக்குமேல் செறிவுத் தணிப்பு (அயனிகள் நெருங்கிப்போய் ஒளி குறைவது) வரும். துகளைப் பெரிதாக்கினாலும் உறிஞ்சல் ஏறும். 10 முதல் 15 மைக்ரான் துகளை விட்டுவிட்டு நானோ துகளுக்கு ஓடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். நானோவில் உறிஞ்சல் குறைவு, பரப்புக் குறைபாடு அதிகம்.

இரண்டாவது காரணம் கண். மனிதக் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டரில் 1 என்றால், 610-இல் 0.5, 630-இல் 0.27 போல, 650-இல் 0.11, 700-இல் 0.004. ஆக்சைடில் போட்ட நான்கு நேர்மின்னூட்ட மாங்கனீஸ் பெரும்பாலும் 650-க்குமேல் ஒளிரும். கருவி அதை எண்ணும், கண் எண்ணாது. செடி வளர்க்கும் விளக்குக்குப் பொருந்தலாம், வீட்டு விளக்குக்கு அல்ல. பொட்டாசியம் சிலிக்கான் ஃபுளோரைடில் அதே மாங்கனீஸ் 631-இல் மெல்லிய கோடாக வருவதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. ஆனால் அதன் ஆயுட்காலம், அதாவது ஒளியூட்டல் நின்றபின் ஒளி தணிய எடுக்கும் நேரம், 8 மில்லிசெகண்டுக்குமேல். சீரியத்துக்கோ 60, 70 நானோசெகண்ட். சிப்பில் மின்னோட்டத்தை ஏற்ற ஏற்ற மாங்கனீஸ் நிறைந்துபோய், சிவப்பு மட்டும் பின்தங்கும். குறைந்த மின்னோட்டத்தில் நிறம் சரி, கூட்டினால் நீலம் ஏறுகிறது என்றால் இதைப் பாருங்கள்.

## அறிகுறி: சூடானதும் மங்குகிறது

150 டிகிரிதான் வழக்கமான அளவுகோல். வலுவான சிப்பின்மேல் பாஸ்பர் அந்த வெப்பத்தைத் தொடும். அறை வெப்பநிலையில் இருந்ததில் எத்தனை பங்கு அங்கே மிஞ்சுகிறது என்பது கேள்வி. முதலில், குளிரவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். பழைய அளவுக்கே வந்தால் அது மீளக்கூடிய வெப்பத் தணிப்பு. வரவில்லையென்றால் பொடி கெட்டுப்போயிருக்கிறது. யூரோப்பியம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும், நிறமாலையில் 612 கோடு எட்டிப் பார்க்கிறதா பாருங்கள்.

மீளக்கூடியது என்றால், ஒளிச்செறிவோடு ஆயுட்காலத்தையும் வெப்பநிலைவாரியாக அளவிடுங்கள். ஆயுட்காலமும் சேர்ந்து குறைந்தால் ஒளியில்லாத வழியில் ஆற்றல் கசிகிறது. 5டி மட்டம் கடத்தும் பட்டைக்கு (எலக்ட்ரான் படிகம் முழுதும் ஓடக்கூடிய மட்டத்துக்கு) மிக அருகே இருந்து எலக்ட்ரான் அங்கே தப்பிப்பது பொதுவான காரணம். ஆயுட்காலம் அசையாமல் செறிவு மட்டும் குறைந்தால் உறிஞ்சல்தான் மாறியிருக்கிறது. அலைநீளத்தைச் சற்று மாற்றி ஒளியூட்டினால் ஓரளவு திரும்பக் கிடைக்கும். ஒளிச்செறிவை மட்டும் அளந்து அர்ரீனியஸ் கோடு (வெப்பநிலையோடு ஒப்பிடும் வரைபடம்) போட்டு, செயல்படுத்தும் ஆற்றல் இத்தனை என்று எழுதுவது இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது. சூடேறியதும் ஒளி கூடுகிறது என்றால் இரட்டிப்புச் சந்தேகம் வேண்டும். படிகக் குறைபாடுகளான பொறிகளில் தங்கிய எலக்ட்ரான்கள் விடுபடுவதாக இருக்கலாம். சூட்டில் ஹோல்டர் நகர்ந்து பொடி கதிருக்கு நேராக வந்ததாகவும் இருக்கலாம்.

## அறிகுறி: கட்டியாக நன்றாக எரிந்தது, அரைத்ததும் மங்கிவிட்டது

கடுமையான அரைப்பு துகளின் மேற்பரப்பைச் சிதைக்கிறது. மெதுவாக உடைத்துச் சலியுங்கள். யாக் போன்ற கெட்டிப் பொருளை நீர்த்த அமிலத்தில் கழுவினால் சிதைந்த மேல்தோலும் ஃபிளக்ஸ் மிச்சமும் போய்விடும். சிலிகேட்டை அமிலத்தில் போட்டுவிடாதீர்கள், பொடியே கரையும்.

## அறிகுறி: சிப்பின்மேல் பூசியபின் நிறம் சரியில்லை

நேராகப் பார்த்தால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள் வளையம்: பாஸ்பர் அடுக்கின் தடிமன் ஒரே சீராக இல்லை. சாய்வாகப் போகும் நீலம் அதிக தூரம் பொடிக்குள் பயணித்து மஞ்சளாகிறது.

காலையில் பூசியதும் மாலையில் பூசியதும் வேறு நிறம் என்றால் பொடி படிகிறது. யாக்கின் அடர்த்தி 4.5-க்குமேல், சிலிக்கோன் ஏறக்குறைய 1. படியும் வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கலந்த உடனே பூசுங்கள், அல்லது நுண்ணிய சிலிக்கா கொஞ்சம் சேர்த்துக் கெட்டியாக்குங்கள். இரண்டு பாஸ்பர் கலந்திருந்தால் கனமானது முன்னால் இறங்கி நிறமே மாறும். கலவையில் காற்றுக் குமிழி நின்றால் அந்த இடத்தில் நீலம் நேராக வெளியே வரும். வெற்றிடத்தில் வைத்துக் குமிழியை எடுத்துவிடுங்கள்.

சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுவென்று இருந்தால், அடுப்பின் வெப்பநிலையைக் கூட்டும் முன் கையுறையைப் பாருங்கள். பிளாட்டினம் வினையூக்கி கொண்ட சிலிக்கோனைக் கந்தகம், அமீன், வெள்ளீயச் சேர்மங்கள் முடக்கிவிடும். லேட்டக்ஸ் கையுறையில் கந்தகம் உண்டு, நைட்ரைல் போடுங்கள். பொடியே காரணமா என்று அறிய, பொடி போடாத சிலிக்கோனை அதே கிண்ணத்தில், அதே கையுறையோடு இறுக வைத்துப் பாருங்கள். சல்ஃபைடு பாஸ்பர் என்றால் சந்தேகம் பொடியின் மேலேயே போகும்.

வெள்ளை வந்துவிட்டது, ஆனால் சிவப்புத் துணி மண்ணிறமாகத் தெரிகிறது என்றால் அது பிழையில்லை. யாக் மட்டும் போட்ட விளக்கின் இயல்பு, சிவப்பு போதாது. நிறக்காட்டல் குறியீட்டில் ஆர்9 மதிப்பை (அடர் சிவப்பு எவ்வளவு சரியாகத் தெரிகிறது என்ற எண்ணை) தனியாகப் பாருங்கள், பொது மதிப்பு 80 வந்தும் அது அடிமட்டத்தில் இருக்கும். சிவப்பு பாஸ்பர் ஒன்று சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது அது மஞ்சள் பாஸ்பரின் ஒளியையே திரும்ப உறிஞ்சுகிறதா என்றும் கவனியுங்கள். அகன்ற பட்டை நைட்ரைடுகள் பச்சை, மஞ்சள்வரை உறிஞ்சும். இரண்டின் நிறமாலையையும் தனித்தனியே கூட்டிக் கணக்கிட்ட நிறம் அதனால்தான் நிஜத்தில் வராது.

## அறிகுறி: போன மாதம் நன்றாக இருந்த பொடி இப்போது மங்கல்

ஈரம். பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆர்த்தோசிலிகேட்கள் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்லச் சிதையும். அவற்றை டெசிக்கேட்டரில் வையுங்கள். மாங்கனீஸ் ஃபுளோரைடு பாஸ்பர் மஞ்சளிலிருந்து பழுப்பானால் மேற்பரப்பில் மாங்கனீஸ் டைஆக்சைடு உருவாகிவிட்டது. உள்ளே இருப்பது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேல்தோல்தான் நீலத்தை விழுங்குகிறது. அதை நீக்கவும், இந்தப் பொடியைச் செய்யவும் பொதுவாக ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுகிறது. அது கண்ணாடியை அரிக்கும், தோலுக்குள் வலி தெரியாமலே இறங்கும். பிளாஸ்டிக் பாத்திரம், முகக் கவசம், எட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, பக்கத்தில் இன்னொரு ஆள்: இதில் ஒன்று குறைந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டாம்.